மூன்றாவது தட்டு

ஹோம்ஸ்டேக்களைப் பற்றிப் பயணிகளுக்குக் கையேடு எழுதும் இளம்பரிதி, ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த மலையூரில் நவமணியின் வீட்டில் ஒரே ஒரு நாள்தான் தங்கினான். காலைச் சாப்பாட்டுக்கு அவனும் அவளும் மட்டுமே. ஆனாலும் மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஏனென்று கேட்கக் கூச்சப்பட்டு, வராத விருந்தாளிக்கும் ஒரு தட்டு வைப்பது இவ்வூரின் நெடுநாள் வழக்கம் என்று கையேட்டின் ஊர் வரலாற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டான்.

மறுபதிப்புக்காக இப்போது வந்தால், அறை வாடகைக்கு விடும் எல்லா வீடுகளிலும் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. சிலர் அதில் பூவும் வைத்திருந்தார்கள். பூட்டன் காலத்துப் பழக்கம் என்று ஒருவர் அவனுக்கே விளக்கினார். நவமணியின் மேஜையில் மட்டும் இரண்டே தட்டுகள்.

"அன்னிக்கு அந்த மூணாவது தட்டு யாருக்கு வச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு. கோவிச்சுக்கிட்டுப் போனவரு."

"வந்துட்டாரா?"

"இல்ல சார்." அவன் தட்டில் ஆப்பத்தை வைத்தாள். "என்னிக்கு வந்தாலும் மேஜையப் பாத்ததும் அவருக்குப் புரியணும்னுதான் வச்சேன். இப்ப வச்சா, ஊர் வழக்கம்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருவாரே."

இளம்பரிதி சாப்பிடாமல் கையேட்டைப் பிரித்து அந்த வரியைப் பேனாவால் அடித்தான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அடிச்சுட்டா, மத்த வீட்டுல எல்லாம் எடுத்துருவாங்களா சார்?"