பக்கத்து வீட்டு ஆமை

“சொந்த வீட்டுக் கூரை ஒழுகுது. அதுக்கு ஒரு ஓடு மாத்த வக்கில்லை. ஆமைக்கு மாளிகை கட்டறான்!”

ரொட்டிக் கடையில் எர்சிலியா இப்படிச் சொன்னதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வது? ஒரெஸ்தே நடந்துகொண்டது அப்படி. மலையூர்களுக்கு பஸ் ஓட்டுகிறவன். மனைவி விட்டுப் போனதிலிருந்து தனிக்கட்டை. திடீரென்று ஒருநாள் விலங்குக் காப்பகத்திலிருந்து ஓர் ஆமையைத் தத்தெடுத்து வந்தான். அதைப் பழக்க வேண்டும் என்று லீவு கேட்டானாம். டிப்போவில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கொடுத்தார்களாம்.

எர்சிலியா பக்கத்து வீடு. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். போன இலையுதிர்காலத்தில் கணவர் நசரேனோ இறந்த பிறகு, அவளுக்குப் பொழுதுபோக்கே அந்தச் சுவர்தான்.

“நட்ட தக்காளியை எல்லாம் எதுக்குடா பிடுங்கற?”

“ஆமைக்கு இடம் வேணும்க்கா.”

“பலகையை ஏன் இவ்வளவு ஆழத்துக்குப் புதைக்கிற? அது என்ன, சுரங்கம் தோண்டி பேங்க்ல கொள்ளையடிக்கப் போகுதா?”

“தோண்டிட்டு வெளிய போயிடும்க்கா.”

“போனா போகட்டுமே. கட்டினவளே போயிட்டா!”

ஒரெஸ்தே நிமிரவில்லை. தண்ணீர்த் தட்டை மண்ணோடு மண்ணாகப் பதித்து, ஆமை ஏறி இறங்கத் தோதாக விளிம்பில் கல் அடுக்கினான். காலை வெயிலுக்கு ஒரு மேடு. மத்தியான நிழலுக்கு ஒரு ரோஸ்மேரி புதர். மழைக்கு ஒரு மரக்கூடு. அந்தக் கூட்டுக்கு மட்டும் புத்தம் புது ஓடு.

இத்தனையும் செய்து என்ன? ஆமை எதையும் சட்டை செய்யவில்லை. கீரை போட்டான். தள்ளிவிட்டது. சாலையோரம் அலைந்து காட்டுக்கீரை பறித்து வந்தான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொழுதுக்கும் எர்சிலியா வீட்டுப் பக்கத்துப் பலகையைப் பிறாண்டிக்கொண்டே நின்றது.

பக்கத்தில் நின்றால் பயப்படும் என்று, தூரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காவல் காத்தான் ஒரெஸ்தே. தாடிகூட மழிக்கவில்லை.

“உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமதான் அது இந்தப் பக்கமே வந்து முட்டுது” என்றாள் எர்சிலியா. “மனுஷியை வெச்சு வாழத் தெரியாதவனுக்கு எதுக்குடா ஆமை?”

அதோடு விட்டாளா? உள்ளே போய்க் காப்பகத்துக்கு போன் போட்டாள்.

“பட்டினி போட்டுக் கொல்றாங்க. கண்ணால பார்க்க முடியலை. வந்து தூக்கிட்டுப் போயிடுங்க. இங்க வேணாம், எங்கயாவது தூரமா யாருக்காவது குடுங்க.”

மறுநாளே காப்பகத்து டாக்டர் மிரெல்லா வந்து இறங்கினாள். எர்சிலியா சுவரோரம் நாற்காலியே போட்டுவிட்டாள்.

டாக்டர் கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பலகையை ஆட்டிப் பார்த்தாள். ஆமையைத் தூக்கி எடை பார்த்தவள் முகம் சுருங்கியது.

“இடம் பிரமாதம். இதைவிட ஒருத்தர் செய்ய முடியாது. ஆனா ரொம்ப இளைச்சிருக்கு. இந்த வாரமும் சாப்பிடலைன்னா நான் கொண்டு போய் ஊசி போட்டுத்தான் பார்க்கணும். பிழைக்குமான்னு சொல்ல முடியாது.”

ஒரெஸ்தே ஆமையைக் கையில் வாங்கிக்கொண்டான். “என்கிட்ட ஏதாவது தப்பா டாக்டர்?”

“உங்க தப்பு இல்லை. இதை வெச்சிருந்த பாவியோட தப்பு. மீன் பெட்டியில போட்டு, மூடி, டேப் சுத்தி, நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் குப்பைத்தொட்டிகிட்ட வீசிட்டுப் போயிருக்காங்க. அதுவும் பனி கொட்டற நேரத்துல. லாரிக்காரர் ஒருத்தர் பிறாண்டற சத்தம் கேட்டுப் பிரிச்சதால உயிரோட இருக்கு.”

“ஐயையோ!” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள் எர்சிலியா.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். “போன் பண்ணது நீங்கதானேம்மா? ரொம்ப நன்றி. ஒரு வாயில்லா ஜீவனுக்காக யார் இவ்வளவு துடிக்கிறாங்க இந்தக் காலத்துல?”

“என்னவோ, என் மனசு அப்படி” என்றாள் எர்சிலியா.

“ஒரு விஷயம் கேக்கணும், ரெண்டு பேரையும்தான். ரொம்ப வருஷம் யாரோ ஆசையா வளர்த்த ஆமை இது. முதுகு ஓட்டைப் பார்த்தாலே தெரியுது. பக்கத்து ஊர்லதான் இருந்திருக்கணும். இதை எங்கயாவது பார்த்த ஞாபகம் இருக்கா? ஆள் தெரிஞ்சா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்.”

“சீச்சீ! அந்த மாதிரி ஈவு இரக்கமில்லாத ஜென்மங்க எங்க ஊர்ல கிடையாது” என்றாள் எர்சிலியா, பட்டென்று.

டாக்டர் ஒரெஸ்தேயைப் பார்த்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கும் தெரியலை, டாக்டர்.”

டாக்டரின் கார் தெருமுனை திரும்பும் வரை அவன் வாசலிலேயே நின்றான். பிறகு மெதுவாகச் சுவரோரம் வந்தான். எர்சிலியா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“எர்சிலியாக்கா... கோபப்படாம சொல்லுங்க. நசரேனோ அண்ணன் இருந்தப்ப இதுக்குத் திங்க என்ன போடுவாரு?”