நரிவெங்காயம் பூத்த மாலை

கோழியைத் துரத்திக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

மணலிலிருந்து ஒரு தண்டு எழும்பியிருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. தண்டு நெடுக மொட்டுகள்.

நரிவெங்காயம். ஆடு வாய் வைக்காது. மனிதருக்கு விஷம்.

அவளை முதலில் கட்டிய லிகோரிதான் அதன் கிழங்கைத் தேரிக்காட்டுச் செம்மணலில் தோண்டி, துண்டில் முடிந்து கொண்டுவந்தான். எதற்கு என்று கேட்டாள். பூ பார்க்க என்றான்.

பூக்கும் முன்பே கடலுக்குப் போனான். திரும்பவில்லை.

பல வருஷம் கழித்து சூசைராஜைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது, அதுவரை ஒரு தடவைகூடப் பூக்காத அந்தக் கிழங்கும் அவள் பெட்டிக்குள் வந்தது. தண்ணீர் தேங்காத மேட்டில் மணல் கொட்டிப் புதைத்தாள். ஏது என்று சூசைராஜ் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். லிகோரியின் பெயரை அந்த வீட்டில் இருவருமே சொன்னதில்லை.

மழைக்கு இலை விட்டது. தை பிறந்ததும் பழுத்து மண்ணோடு போயிற்று. செத்த கிழங்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தரி வைக்கலாம் என்றார் சூசைராஜ்.



அவர் மண்வெட்டியோடு போனதைப் பார்த்தாள். அதன்பிறகு இந்தப் பக்கமே அவள் வரவில்லை.

இங்கே கத்தரி இல்லை.

கோழி கிளறாதபடி கிழங்கைச் சுற்றி ஓட்டுச்சில்லுகள் பதிக்கப்பட்டிருந்தன. நெருக்கமாக, ஒவ்வொன்றாக.

வெயில் தாழ்ந்தது. காற்றே இல்லை. ஒரு மொட்டு அசைந்தது.

அவிழ்ந்தது.

வெளிறிய சின்ன மணி, தலை கவிழ்ந்து. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. கடல் கிணற்றுக்குள்ளிருந்து இரைவதுபோலக் கேட்டது. கால்கள் மணலில் இருக்கின்றனவா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் சூசைராஜ் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“லிகோரி இதப் பாத்திருக்காரா?”

அவர் வாயில் அந்தப் பெயர் புதிதாக இருந்தது. தப்பாக உச்சரித்துவிடுவோமோ என்று பயந்தவர்போலச் சொன்னார்.

இல்லை என்று தலையாட்டினாள். கண்ணீரைத் துடைக்கத் தோன்றவில்லை.

அவர் மணலில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

இடையில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

இருவரும் நகரவில்லை.