புது ஒப்-ஆம்ப்

ஜெனிஸ் தான் செய்த ஓடியோ கன்வேட்டரின் வெளியீட்டிலிருந்த ஒலியைப் பெருக்கும் பழைய ஒப்-ஆம்ப் சிப்பைக் கழற்றி, புதியதைப் பொருத்தினான். தேவாலயத்தில் நடந்த தங்கள் கலியாணப் பூசையின் ஒலிப்பதிவையே மறுபடியும் போட்டான்.

“எது நல்லம், யசிந்தா?”

“இது துலக்கமாயிருக்கு. ஆனா பாட்டுக்கு நடுவிலை ஆரோ செருமுறதும் கேக்குது.”

“பழையதிலை அது கேக்கேல்லை. அதையே திருப்பிப் போடுவம்.”

சிப்பைக் கழற்றப் போனவனின் கையை அவள் பிடித்தாள்.

“பொறுங்கோ. இன்னொருக்காப் போடுங்கோ.”

ஒலிப்பதிவில், தேவாலயத்தின் பின்பக்கத்தில் யாரோ இரண்டு தரம் செருமுவது தெளிவாகக் கேட்டது.

யசிந்தா தகப்பனைப் போனில் அழைத்தாள்.

“அப்பா, என்ரை கலியாணத்துக்கு வரவே மாட்டன் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டனீங்கள். பிறகு ஒருத்தருக்கும் தெரியாமல் கோயிலுக்குள்ளை வந்தனீங்களோ?”

மறுமுனையில் அதே செருமல் கேட்டது.