ஏழாவது கேள்வி கட்டாயம்

“ஏழாவது கேள்விக்கு நீங்க எழுதினதைக் கொஞ்சம் வாசிங்க” என்றார் அம்மையார்.

தேர்வுக்கு வந்திருந்த அலுவலகக் கண்காணிப்பாளர் விடைத்தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாய்மொழித் தேர்வில் சொந்த விடையையே வாசிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர். இன்னொருவர் வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த இந்த அம்மையார். ஐம்பது வயதிருக்கும். கேள்வித்தாள் எடுத்ததும் இவர்தான் என்று பேராசிரியர் அறிமுகம் செய்துவைத்தார்.

வேலையில் இருப்பவர்களுக்கான பொது நிர்வாக முதுகலைப் படிப்பு. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. இரண்டே வருடம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கண்காணிப்பாளருக்கு இது நான்காவது வருடம்.

ஏற்கெனவே இரண்டு முறை இதே அறையில் கவிழ்ந்திருந்தார். இன்று தேறினால் பட்டம். வெள்ளிக்கிழமை பதவி உயர்வுப் பட்டியல் மூடுவதற்குள் அதைக் காட்டினால் உதவி இயக்குநர்.

காட்டாவிட்டால் அந்த நாற்காலி மச்சினனுக்கு. மனைவியின் தம்பி. அதே அலுவலகம். எட்டு வருடம் இளையவன். போன வருடம் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டவன்.

மச்சினனுக்குப் போய் வணக்கம் வைப்பதற்கு நாண்டுகொண்டு சாகலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தார். “அவன் ‘உட்காருங்க அத்தான்’னுதான் சொல்லுவான்” என்றாள் மனைவி. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

கேள்வி இதுதான். ஒரு பெண் தன் கணவரின் மரணத்தைப் பதிவு செய்ய வருகிறார். அலுவலகத்தில் இரண்டு கட்டங்களை மாற்றி நிரப்பிவிடுகிறார்கள். இறந்தவர் என்ற இடத்தில் மனைவியின் பெயர். தகவல் தந்தவர் என்ற இடத்தில் கணவரின் பெயர். பிழையைத் திருத்த, தகவல் தந்தவரே நேரில் வந்து மனு கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் பதினொரு முறை வந்துவிட்டார். பதினொரு முறையும் மனு திரும்பிவிட்டது. அங்கே அதிகாரி நீங்கள். என்ன செய்வீர்கள்? இருபது மதிப்பெண்.

எழுத்துத் தேர்வில் இதைப் படித்தபோது கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு கூமுட்டை எந்த ஊரிலாவது இருப்பானா? கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டே ஐந்து பக்கம் எழுதினார்.

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

‘விதி என்பது வேலி. வேலிக்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் நிற்பவனுக்குத்தான் அதிகாரி என்று பெயர். செத்துப்போனவரை நேரில் வரச் சொல்லுகிறவர் மனுவைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்.’

பேராசிரியர் தலையாட்டினார். இந்த மனிதரை மூன்றாவது முறையும் கவிழ்க்க அவருக்கே மனமில்லை.

‘நான் அங்கே இருந்தால் அந்த அம்மாவை என் அறைக்குள் அழைத்து, நாற்காலி கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே திருத்திக் கொடுப்பேன்.’

அந்த இடத்தில் கண்காணிப்பாளருக்குக் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அந்த அம்மாவை நினைத்து உண்மையாகவே அவருக்குப் பாவமாக இருந்தது.

எங்கே வேலை என்று அம்மையார் கேட்டார்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் என்றார் கண்காணிப்பாளர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து. வெளியே ஆட்களைப் பார்ப்பது எழுத்தர்கள். தன் வேலை உள்ளறையில். நாளொன்றுக்கு அறுபது மனுவாவது கையெழுத்துக்கு வரும். விதிகள் அத்தனையும் மனப்பாடம்.

நிலுவையில் எத்தனை மனு என்றார் அம்மையார்.

“ஒண்ணுகூட இல்ல மேடம். குறை இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பிடுவேன்.”

அம்மையார் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மதிப்பெண் தாளை இழுத்து வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார்.

கண்காணிப்பாளர் எதிரிலிருந்தே வாசித்துவிட்டார். முப்பது வருடமாக மேலதிகாரி எழுதுவதைத் தலைகீழாக வாசித்துப் பழகிய கண். ஏழாவது கேள்வி, இருபதுக்குப் பத்தொன்பது. வாய்மொழித் தேர்வு, தேர்ச்சி.

நான்கு வருடத்துச் சனி, ஞாயிறுகள் ஒரே மூச்சாக அவருக்குள்ளிருந்து வெளியே வந்தன. வெளியே மரத்தடியில் மனைவி காத்திருந்தாள். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். மச்சினனுக்கு அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

பேராசிரியர் தன் இடத்தில் கையெழுத்திட்டுத் தாளைத் திரும்ப நகர்த்தினார். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் அது செல்லும்.

அம்மையார் பேனாவை மூடினார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. மார்க்குல நான் கை வைக்கல. ஆனா கையெழுத்துப் போட எனக்கு வழியில்ல. உங்க ஆபீஸ் சான்றிதழ்படி நான் செத்து எட்டு மாசம் ஆகுது. உயிரோட இருக்கிறது என் வீட்டுக்காரர்தான். அவரை வரச் சொல்லி எழுதிப் பாருங்க. வந்தார்னா, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க.”