டீயில் நனைத்த ரஸ்க்

ஒரு வீட்டின் கொல்லையில், கூண்டுக்குள் ஒரு முயல் இருந்தது. அதை வளர்த்த நிலோபர், டீயில் நனைத்த ரஸ்க்கில் பாதியைத் தான் கடித்துவிட்டு மீதியை அதற்குக் கொடுப்பாள். அவள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபின், அவளுடைய அம்மா தினமும் கூண்டின் கம்பியோரம் அருகம்புல் வைத்தார். முயல் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புல்லை மெல்லாததால் தேயாத பற்கள் நீண்டு உதட்டில் குத்தின. உடம்பும் இளைத்துக்கொண்டே போனது.

மதிலிலிருந்து அணில் இறங்கி வந்தது.

"என்ன ஜமீன்தாரே, இன்னிக்கும் புல் பிடிக்கலையா? அவ லீவுக்கு வரும்போது நீ உயிரோட இருக்க வேண்டாமா?"

"போடா. அந்த ரஸ்க் வாசனை உனக்குத் தெரியுமா?"

அணில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறது. ஆனாலும் கம்பி வழியாக ஒரு புல்லை நீட்டி, "தெரியாதே, சொல்லேன்" என்றது.

முயல் சொல்லத் தொடங்கியது. மழையில் அவள் துப்பட்டாவுக்குள் ரஸ்க்கை மறைத்துக் கொண்டுவந்தாளாம். டீயில் முக்கியதும் அது ஒடிந்து டம்ளருக்குள் விழுந்ததாம். அவள் விரலால் துழாவி எடுத்தாளாம். சொல்லச் சொல்ல முயலின் வாய் மென்றுகொண்டே இருந்தது. அணில் ஒவ்வொரு புல்லாக உள்ளே தள்ளியது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கை சுட்டுச்சுன்னு கத்தினா. ரெண்டு பேரும் சாப்பிட்டோம்."

முயல் குனிந்து பார்த்தது. புல் முழுதும் தீர்ந்திருந்தது.

"அடப்பாவி, ஏமாத்திட்டியே!"

"சரி, நான் கிளம்பறேன்."

"இருடா. அவ பரீட்சைக்குப் படிச்ச கதைய இன்னும் சொல்லவே இல்லையே."

அணில் புல் பறிக்க ஓடியது.