மாதா எண்ணெயும் நெருஞ்சிக் கஷாயமும்

“ஒரு சொட்டு விட்டா என்ன அண்ணி, வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய்...” “எண்ணெயே ஆகாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு வியாகுலம், பத்தியம் முறிஞ்சிடும்!” “மாதாவுக்கே பத்தியமா?” புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவே அருள்நாதன் உட்கார்ந்திருக்கிறார். மனைவி வியாகுலம் கையில் எண்ணெய் சீசா. அக்கா செல்வமேரி கையில், தம்பியின் புராஸ்டேட் கேன்சரைக் கரைத்துவிடும் என்று நம்பி விடியற்காலையில் காய்ச்சிய நெருஞ்சிமுள் கஷாயம். ஜன்னல் வெயிலில் பித்தளைத் தம்ளர் மின்னுகிறது. அதன் கசப்பு ஆவி அவர் மூக்கில் ஏறுகிறது. இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதைச் சண்டை மும்முரத்தில் இரண்டு பெண்களும் மறந்தே போனார்கள். ஆபரேஷன் கத்தி என்றாலே பயப்படும் அருள்நாதன் மறக்கவில்லை. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு நெருங்குகிறது. அவர் தம்ளரை வாங்குகிறார். சீசாவையும் பிடுங்கி அதில் கவிழ்க்கிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடிக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் உள்ளே வருகிறார். எண்ணெய் மினுங்கும் மீசையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அருள்நாதன் மிகவும் பணிவாகக் கேட்கிறார்: “சிஸ்டர், தெரியாம கஷாயம் குடிச்சிட்டேங்க, ஆபரேஷனை ஈஸ்டருக்கு அப்புறம் வச்சுக்கலாங்களா?”