மூன்றாவது டேக்

"இன்னும் ஒரே ஒரு டேக்ப்பா. இதோட செமஸ்டர் ஓவர்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து மகள் வெண்பா கெஞ்ச, போன் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு மணியன் முறைத்தார்.

இன்ஜினியரிங் படிக்கிற பெண்ணுக்கு சினிமா கோர்ஸ் எதற்கு என்று ஆகஸ்டில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர் அவர். அதே மனிதர்தான் செப்டம்பரில் அவள் படப்பிடிப்புக்காக இங்கே கலிபோர்னியாவின் டப்ளின் பார்க்கில் வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அக்டோபரில் பிணமாக நடித்து, நடுவில் தும்மினார். சான் ரமோன் ஆபீஸில் அந்தத் தும்மலைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டாராம். அப்பாவும் பெண்ணும் இந்த நாலு மாதத்தில் பேசியது, அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் பேசியதைவிட அதிகம்.

இன்றைய காட்சி சின்னதுதான். கோபித்துக்கொண்டு போன மகன் கண்ணனை அவன் அப்பா போனில் கூப்பிட்டு, வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். முதல் டேக்கில் மணியன் நியூஸ் வாசிப்பதுபோல வாசித்தார். இரண்டாவதில் கண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

"திட்டறது ஸ்கிரிப்ட்லயே இல்லப்பா."

"சொல்லாமக் கல்யாணம் பண்ணிட்டுப் போனவனை எந்த அப்பன் திட்டாம விடுவான் கண்ணு?"

வெண்பா கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். படமாவது ஒன்றாவது. கோர்ஸ் போன வாரமே முடிந்துவிட்டது. கேமராவுக்குள் கேசட்டே கிடையாது. ஆனால் அப்பா கையிலிருந்த போனின் மறுமுனையில், டெக்சஸ் ரவுண்ட் ராக்கில், அண்ணன் ரஞ்சித்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நம்பரை அழுத்திக் கொடுத்தது அவள்தான். கூட வேலை பார்த்த பெண்ணை அவன் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, மூன்று வருஷமாக இந்த வீட்டில் அவன் பேச்சையே எடுக்கக் கூடாது. இன்னொரு திட்டு விழுந்தால் போனை வைத்துவிடுவான். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டான்.

"ஆக்‌ஷன்" என்றாள்.

மணியன் ரிசீவரைக் காதில் வைத்தார். ஸ்கிரிப்டைப் பார்க்கவே இல்லை.

"ரஞ்சித்து... அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சாமி. அம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு உங்கிட்ட பேசறப்பெல்லாம் நானும் கதவுக்குப் பின்னாடிதான் நிக்கறேன். அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா."

வெண்பா கேமராவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். அண்ணன் விம்முவது அவள் நின்ற இடம்வரை கேட்டது. எப்போது வருகிறான் என்று அப்பா கேட்டார்; பதிலுக்கு இரண்டு முறை 'ம்' கொட்டினார்; போனை வைத்தார்.

"அப்பா, ஐ ஆம் சாரி. இது ப்ராஜெக்டே இல்ல. நான் உங்களை ஏமாத்திட்டேன்."

மணியன் சட்டைப் பையிலிருந்து பிரித்த கவர் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உன் சினிமா கோர்ஸ் கிரேடு முந்தாநாளே தபால்ல வந்துருச்சு கண்ணு. போன்ல இருக்கறது அவன்தான்னு முதல் டேக்குலயே தெரியும். எனக்குப் பேச்சு வர்றதுக்குத்தான் மூணு டேக் ஆச்சு."